விற்காத படத்துக்கு வைத்த பொட்டு

முப்பத்துநாலு வயதில் ஒருத்தன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பன்னிரண்டு குளிர்காலம் கொல்கத்தா மேளாக்களின் தூசியில் ஸ்டால் போட்டு நின்றுவிட்டு, அப்புறம் உங்கள் முட்டியைக் கேட்டுப் பாருங்கள். அது பென்ஷனே கேட்கும். இப்போது காளிகாட்டில் ஒரு சந்துக்குள் ஃபிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவன் வரைந்த படத்துக்குச் சட்டம் அடித்துக் கொடுப்பது சுகமான பிழைப்பு. படம் விற்காவிட்டால் கவலை அவனுக்கு, ஃபிரேம் காசு எனக்கு.

புதிதாகப் படம் விற்கக் கிளம்பியிருக்கும் நீங்கள் எல்லாரும் கடைக்கு வந்து, எப்படி விற்கிறது, என்ன விலை போடுகிறது என்று கேட்கிறீர்கள். என்னைப் போய்க் கேட்கிறீர்களே என்று எனக்கே பாவமாக இருக்கிறது. நான் பத்தாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவன். பாடம் பிடித்துப்போய் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எப்படி விற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எப்படியெல்லாம் விற்கக் கூடாது என்பதில் மட்டும் இந்த ஊரில் எனக்கு மேல் படித்தவன் கிடையாது.

முதல் மேளா தொண்ணூறுகளில். ஆற்றங்கரை விடியற்காலை ஒன்றை பவானிபூர் துணிக்கடைக்காரர் ஒருவர் வாங்கினார். வாட்டர்கலர் படம். அதை நான் வங்காளச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். அன்றைய பனிக்கு காகிதம் நமுத்து, மறுநாள் அவர் திரும்பி வந்தபோது படத்தின் வானம் முழுக்க ஒரு பஸ் ஸ்டிரைக் செய்தி கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக அச்சாகியிருந்தது. ஆற்றில் விழுந்த பிரதிபலிப்பு என்று அவரிடம் சொன்னேன். மனிதர் நல்லவர். சிரித்துவிட்டு வேறு படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து பட்டர் பேப்பர், அதற்கு மேல் அட்டை, அதற்கு மேல்தான் செய்தித்தாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எல்லா ஊரிலும் துணிக்கடைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இன்னொரு தடவை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் என் படம் ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் பேசாமல் நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மஞ்சளை ஏன் போட்டேன், அந்த நாய் ஏன் அங்கே படுத்திருக்கிறது, எதை நினைத்து வரைந்தேன் என்று ஆரம்பித்தேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து கூட்டத்தில் கரைந்துபோனார்கள். பக்கத்து ஸ்டாலில் தோல் பை விற்கும் ஒரு திதி இருந்தார். திதி என்றால் வங்காளத்தில் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "நீ வாயைத் திறக்கிற வரைக்கும் அந்தப் படம் நல்லாத்தான் இருந்தது."

இந்த ஒரு வரியை நான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. அதனால்தான் இப்போது சொல்லப்போகிற விஷயம் நடந்தது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று குளிர்காலம் போயிருக்கும். பெஹாலாவில் சைபர் கஃபே வைத்திருந்த என் சிநேகிதன் ஒருத்தன், இனிமேல் உலகமே இன்டர்நெட்டில்தான் படம் வாங்கப்போகிறது என்று சொல்லி எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். டியூப்லைட் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போட்டு, கண்ணாடியோடு சேர்த்துப் படங்களை போட்டோ எடுத்தோம். எல்லாப் படத்திலும் நடுவில் ஒரு சூரியன். பெரிய போட்டோ போட்டால் கடை ஷட்டர் மாதிரி மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வானம் முடிந்து மரம் வருவதற்குள் பார்க்கிறவன் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான் என்று, எல்லாவற்றையும் தபால் தலை அளவுக்குச் சுருக்கினான். நீங்கள் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள், படம் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். நாங்கள் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. பெருமையாக வேறு இருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கேலரியின் திறப்பு விழாவுக்குப் போனேன். கலை ஆர்வம் என்று எழுத ஆசைதான். ஆனால் அங்கே டீயும் சிங்காடாவும் கொடுத்தார்கள். சிங்காடா என்றால் நம் சமோசாதான், ஆனால் அதை ஒரு வங்காளியிடம் சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது சிங்காடாவில் கவனித்தேன். சில படங்களுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு வட்டம் ஒட்டியிருந்தது. விற்றுப்போன படம் என்று அர்த்தமாம். வட்டம் இல்லாத படத்தைக் கூட்டம் தாண்டிப் போனது. வட்டம் ஒட்டிய படத்தின் முன்னால் நின்று பெருமூச்சு விட்டது. ஒரு பொருள் இன்னொருத்தன் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் மனிதனுக்கு அதன் அழகு தெரிகிறது. பெண்கள் விஷயத்தில் இது எனக்கு முன்பே அனுபவம். படங்களிலும் அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த மேளாவின் முதல் நாள் காலையில், கூட்டம் வரும் முன், அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய், மாட்டியிருந்த பதினொரு படத்தில் நாலுக்குப் பொட்டு வைத்தேன்.

வெறும் பொட்டு போதாது என்று தோன்றியது. என் புத்தி அப்படி. ஒரு பொய் சொன்னால் அதைக் குளிப்பாட்டி, தலை சீவி, சட்டை மாட்டித்தான் வெளியே அனுப்புவேன். எனவே பொட்டு வைத்த படங்களின் கீழே யார் வாங்கியது என்று ஒரு சின்ன அட்டையும் எழுதி வைத்தேன். மூன்று படத்தை அட்டையிலேயே டெல்லிக்கு அனுப்பிவிட்டேன். நாலாவதுதான் இருந்ததிலேயே நல்ல படம். அதை ஒரு பெரிய மனிதர் வாங்கியிருந்தால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒரே ஒருத்தர். அவரையும் நேரில் பார்த்ததில்லை. அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது தினமும் திட்டுகிற சான்யால் சாஹேப். அப்பாவுடைய மத்திய அரசு ஆபீஸின் மேலதிகாரி. அவர் முழுப் பெயரையும் பதவியையும் போட்டு, 'அவர்களின் சேகரிப்பில்' என்று அழகாக எழுதினேன். சிநேகிதனுக்குப் போன் செய்து வெப்சைட்டிலும் அதையே போடச் சொன்னேன்.

திதி பார்த்துவிட்டு, உன் படத்துக்கெல்லாம் கல்யாணமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பொட்டு வைத்த படத்தையே ஒருத்தர் உண்மையில் கேட்டு வந்தால் என்ன சொல்வாய் என்று மட்டும் கேட்டார். அப்படி ஒரு புண்ணியவான் வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

தந்திரம் வேலை செய்தது. அதுதான் கொடுமை. இரண்டே நாளில் பொட்டு வைக்காத படம் இரண்டு விற்றது. இந்த ஊரை நான் தலைகீழாகப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, செல்லையா மாமா வந்தார்.

மாமா எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். தூத்துக்குடிப் பக்கம். அப்பாவோடு அதே செக்ஷனில் வேலை. ரிட்டையராக இரண்டு வருடம் இருந்தது. முட்டைகூட வாசல் தாண்டாத வீடு. அத்தை எப்போதும் எதையாவது பின்னிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அத்தை நேராகத் திதியின் பைகளைப் பார்க்கப் போய்விட, மாமா என் ஸ்டாலுக்குள் வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போய், அந்த நாலாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

அது ஒரு குளத்துப் படம். பெஹாலாவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கத் தூண்டில் போடலாம் என்கிற குளம் ஒன்று உண்டு. டிசம்பரில் ஒரு நாள் எதிர்க்கரையில் உட்கார்ந்து வரைந்தேன். கரையில் ஒரு ஆள், கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மங்கி கேப், இரண்டு கையாலும் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்திருப்பார். மேலே கடுகு மஞ்சளில் பச்சை வளைவு வளைவாக ஓடும் ஸ்வெட்டர். அந்த வளைவுகளை ஒன்று விடாமல் எண்ணி எண்ணிப் போட்டிருந்தேன்.

"என்ன மாமா, சைவ வீட்டுக்கு மீன் படமா? அத்தை உங்களைச் சட்டுவத்தோட வெரட்டப்போறாங்க."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஏல, இதை அவரு பாத்தாரா?"

"பாக்காமலா மாமா வாங்குவாரு?"

"எப்பம்?"

"வெள்ளிக்கிழமை."

மாமா வெளியே போய், பாதி பேரத்தில் இருந்த அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். படத்தின் விலையைப் பார்த்துப் பயந்துவிட்டார் போல என்று நினைத்தேன். விற்ற படத்தின் விலை அவருக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்க மாமாவும் படத்திலிருக்கிற ஆளும் ஒரே கடையில் ஸ்வெட்டர் வாங்கினார்களா என்று திதி கேட்டார். நான் சிரித்தேன். அது கடையில் எல்லாம் கிடைக்காது திதி, அத்தை கையால் பின்னினது, உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தவன், வாயைத் திறந்தபடி நின்றேன். ஐந்து வருடமாக என் வீட்டு வாசலில் போய் வந்துகொண்டிருந்த ஸ்வெட்டர். எண்ணிப் பார்த்து வரைந்தேனே தவிர யாருடையது என்று பார்க்கவில்லை. கூர்மையான பார்வை என்று என் வெப்சைட்டில் என்னைப் பற்றி நானே எழுதியிருந்தேன்.

அப்போதும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சைவ மாமா மீன் பிடிக்கிறார், குவார்ட்டர்ஸுக்கே ஒரு வருடத்துக்குச் சிரிக்கலாம் என்று வீட்டுக்கு வந்தால், அப்பா சிரிக்கிற நிலையில் இல்லை. நான் அந்தக் குளத்தை வரைந்த வாரத்தில் மாமா மூன்று நாள் மெடிக்கல் லீவ் போட்டிருக்கிறார். இடுப்புவலி, ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாது என்று டாக்டர் சர்டிபிகேட். சாஹேப் அந்தப் படத்தை வாங்கியது ஆதாரத்துக்காகத்தான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

"நாளைக்குக் காலைல நேரா அவர் ரூமுக்குப் போயி எல்லாத்தையும் ஒத்துக்கிடப் போறானாம்," என்றார் அப்பா. "நானும் அதான் சரின்னு சொன்னேன். ரெண்டு வருசத்துல ரிட்டையர். என்கொயரி அது இதுன்னு வந்துச்சுன்னா பென்ஷனைப் பிடிச்சு வச்சுக்கிடுவான். தானா போயி சொன்னா பாதியாவது மிஞ்சும்."

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது. அப்பா, சாஹேப் வாங்கவில்லை, பொட்டு அம்மாவுடையது, அட்டை என்னுடையது. மூன்று வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்து, எனக்கு இரண்டு அடியோடு போயிருக்கும். ஆனால் அப்பாவுக்கு முன்னால், அவர் மேலதிகாரியின் பேரை எடுத்து விளையாடியவனாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பொய்யைக் கழற்றுவதைவிட அதற்கு மேல் இன்னொரு சட்டை போடுவது சுலபம் என்று நினைத்தேன். மாமா வீட்டுக்குப் போனேன்.

அத்தை சமையலறையில் இருந்தார். மாமா குரலே எழும்பாமல் பேசினார். பிடிக்கிறது மட்டும்தான், தின்கிறதில்லை, அன்றைக்குப் பிடித்ததையும் குளத்துக்காரனிடமே கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்தார்.

"முப்பது வருசமா இந்த ஊர்ல எல்லாவனும் மீனைப் பத்தியே பேசுதான்ல. அதுல என்னதான் இருக்குன்னு ஒருநாள் போயி உக்காந்தேன். அதுக்கப்புறம் எந்திரிக்க முடியல பாத்துக்க."

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். மாமா, கவலையை விடுங்கள், சாஹேப் இன்றைக்குச் சாயங்காலம் ஆள் அனுப்பி அந்தப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மாமாவின் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் போய்விட்டது.

"வேண்டாம்னுட்டாரா? அப்பம் அடையாளம் தெரிஞ்சு போச்சு. படம் எதுக்கு, ஆளே கையில இருக்கானேன்னு திருப்பிட்டாருல."

நான் திரும்பி வந்தேன். தொழிலில் நெருக்கடி வரும்போது உங்கள் மூளைக்கு முதலில் வருகிற சாமர்த்தியத்தை நம்பாதீர்கள். உங்களை அங்கே கொண்டு வந்து மாட்டிவிட்டதே அதே சாமர்த்தியம்தான்.

மறுநாள் காலையில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு எழுந்தால், மாமா ஏழரை மணி மினிபஸ்ஸில் போய்விட்டார். அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தார். அந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னேன். முகத்தில் பாதி சோப்போடு அப்பா கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அவர் பேரையால எழுதுன?" என்றார். அப்புறம், "ஓடு."

ஆபீஸ் இருக்கும் டல்ஹௌசிக்கு மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், மாடிப்படி ஏறி, நீளமான வராந்தாவின் கடைசியில் மாமாவைக் கண்டுபிடித்தேன். சாஹேப் அறைக்கு வெளியே பெஞ்சில் அதே ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தார். கையில் மடித்த காகிதம். பார்க்க வேண்டும் என்று எழுதிய சீட்டு உள்ளே போய்விட்டது.

"மாமா, சாஹேப் வாங்கலை. யாருமே வாங்கலை. பொட்டு எங்கம்மாவோடது. நேத்து சொன்னதும் பொய்."

மாமா என் பக்கம் திரும்பினார். "அப்பம் அவருக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது மாமா."

அந்த முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் இன்னும் எந்த வண்ணத்திலும் கொண்டுவரவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வா போகலாம் என்று எழுந்தார். அப்போது பியூன் கதவைத் திறந்து, சாஹேப் கூப்பிடுகிறார் என்றான்.

கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க முடியாது. போனால் எதற்கு வந்தேன் என்று ஒன்று சொல்ல வேண்டும். நான் மாமாவின் காதில், நானும் வருகிறேன், என் குற்றத்தை மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன், நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததாக இருக்கட்டும், உங்கள் விஷயம் வெளியே வர வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது அதில் மட்டும்தான்.

சாஹேப் நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். கழுத்தில் மஃப்ளர். நான் வங்காளத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் என் வெப்சைட். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் சும்மா அப்பா பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறான். பாபா, எப்போதிலிருந்து படம் வாங்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறான். சாஹேப் இரண்டு நாளாக, தான் எப்போது அந்தப் படத்தை வாங்கினோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

நான் வாங்காததை என் பெயரில் எழுதுவதற்கு உன் தொழிலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். விளம்பரம் என்று நாக்கு வரை வந்தது.

"பொய், சார்," என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். சரி, நான் என்ன வாங்கியிருக்கிறேன் என்றாவது தெரிந்துகொள்கிறேன் என்றார். குளம் தெரிகிறது. ஆள் தெரிகிறது. கையில் இருப்பது என்ன, செருப்பா?

சிநேகிதன் தபால் தலை அளவுக்குச் சுருக்கிய படத்தில், அதுவும் நடுவில் ஃபிளாஷ் அடித்து, மீன் அப்படித்தான் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமா தப்பித்துவிடுவார். ஆனால் அரை நிமிடத்துக்கு முன்னால்தான் பொய் என்ற சொல்லை அந்த மேஜை மேல் வைத்திருந்தேன். மீன் என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் அந்த ஆள் என்று வரும். எனவே பேசாமல் நின்றேன். வாய் இருந்தும் நான் சும்மா இருந்தது அதுவே முதல் தடவை.

செருப்புதான் என்றார் சாஹேப். அதுவும் சின்னது, குழந்தைச் செருப்பு.

"மாச், ஸார்," என்று என் பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஆடாய் கிலோ."

மீன், சார். இரண்டரை கிலோ. சொன்னது செல்லையா மாமா.

சாஹேப் திரையில் இருந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் பார்த்தார். மாமாவின் ஸ்வெட்டரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மாமா சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து, நாலு மடிப்பையும் பிரித்து, மேஜை மேல் வைத்தார். அதில் எல்லாம் எழுதியிருந்தது. குளத்தின் பெயர் உட்பட.

சாஹேப் அதைப் படித்து முடித்துவிட்டு, ருயி மீனா என்று கேட்டார். மாமா, காத்லா என்றார். என்ன இரை என்று கேட்டார். மாமா சொன்னார். அது சரியான இரை இல்லை என்றார் சாஹேப். அந்தக் குளத்துக்கு அதுதான் சரி என்றார் மாமா. பென்ஷனைக் காப்பாற்ற வந்த மனிதர் மேலதிகாரியோடு இரை விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு நின்றார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இந்த ஊரில் மீனைப் பற்றி இரண்டு பேர் பேசும்போது குறுக்கே போனவன் உருப்பட்டதில்லை.

கடைசியில் சாஹேப் ஃபைலை வரவழைத்தார். டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்து மாமா கையில் கொடுத்து, நீரே கிழியும் என்றார். மூன்று நாளையும் சொந்த லீவில் கழிக்க ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கினார். இன்னொரு தடவை இடுப்பு வலித்தால் தானே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் மாமாவின் கையெழுத்து மீன் மாதிரி நெளிந்தது.

என் பக்கம் திரும்பி, படம் மேளா முடிந்ததும் இங்கே வந்து சேர வேண்டும் என்றார். என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. என் படத்தை யாரும் பேரம் பேசாமல் வாங்கியது அதற்கு முன்னால் இல்லை. அதற்காகச் சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது.

மத்தியானம் மேளாவுக்குப் போய், திதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே டெல்லிக்குப் போன மூன்று படங்களின் பொட்டையும் அட்டையையும் உரித்தேன். நேற்று விற்றது இன்றைக்கு எப்படி விற்காமல் போனது என்று கேட்டவர்களிடம், விற்கவே இல்லை, சும்மா ஒட்டினேன் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், முதல் நாளே மழைக்காலத் தெருப் படம் ஒன்றை ஆசையாகக் கேட்டு, பொட்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அவர் அதற்குப் பிறகு எந்த வருடமும் என் ஸ்டால் பக்கம் வரவில்லை. வெப்சைட்டில் இருந்ததை அழிக்கச் சொல்லி மூன்று நாள் சிநேகிதன் பின்னால் அலைந்தேன். மேளாவில் சொன்ன பொய்யை மேளா முடிந்ததும் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். இன்டர்நெட்டில் போட்டது யாருடைய மகன் தேடுவான் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் மேளாவில் ஒரு படம் விற்றால் அன்றைக்கே வெப்சைட்டிலும் விற்றது என்று போடுங்கள். விற்காவிட்டால் விற்கவில்லை என்றே இருக்கட்டும். விற்காமல் இருப்பது ஒன்றும் வியாதி இல்லை, எனக்கு வருடக்கணக்கில் இருந்திருக்கிறது.

இன்னொரு விதியும் சொல்லிவிடுகிறேன். விற்ற படத்தில் மறுபடி கை வைக்கக் கூடாது. வானத்தில் ஒரு கழுகு சேர்த்துக் கொடு, அந்த ஆளின் சட்டையை நீலமாக்கு என்று கேட்டு வருவார்கள். காசு தருகிறேன் என்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். கொடுத்த பிறகு அது அவர்கள் வீட்டுப் படம், நம் கை வேலை முடிந்தது. பன்னிரண்டு வருடத்தில் இந்த விதியை நான் ஒரே ஒரு தடவைதான் மீறினேன்.

சாஹேப் அந்தப் படத்தைத் தன் அறையிலேயே மாட்டிவிட்டார். மாமா தினமும் ஃபைல் எடுத்துக்கொண்டு போய் அதன் எதிரே நிற்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மாமா என் வீட்டு வாசலுக்கு வந்து, அத்தை கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படத்தை அங்கே மாட்டியதில் மனம் நொந்திருக்கிறார் என்று நினைத்து, நான் போய் சாஹேபிடம் கெஞ்சிப் பார்க்கிறேன் மாமா என்றேன்.

"அதில்லல. ரூமுக்கு வாரவன் பூராவும் படத்துக்கிட்ட போயி பாத்துட்டு, ஒரு கிலோ இருக்குமாங்கான். நானும் எத்தனை பேருட்டத்தான் சொல்ல? நீ ஒரு நாள் வந்து மீனை மட்டும் கொஞ்சம் நீட்டிட்டுப் போ."

விற்ற படம், முடியாது மாமா என்றேன். மாமா இரண்டு கையையும் அன்றைக்கு மீனைப் பிடித்திருந்த அளவுக்கு விரித்துக் காட்டிவிட்டு அப்படியே நின்றார்.

அடுத்த சனிக்கிழமை பெயிண்ட் டப்பாவையும் மெல்லிய பிரஷ் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு டல்ஹௌசிக்குப் போனேன். சாஹேபுக்கு விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைத் தாழ் போட்டார். படத்தைத் தானே ஆணியிலிருந்து இறக்கி மேஜை மேல் வைத்தார். கொஞ்ச நேரம் மீனையே பார்த்துவிட்டு, "வால் மட்டும்," என்றார்.